‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’: ஆக்ஸ்ஃபோர்டு கோடைப் படிப்பின் கடைசி மூன்று நாள்

பின்னணி

எங்கள் கல்லூரியிலிருந்து 22 மாணவர்களை மூன்று வாரக் கோடைப் படிப்புக்காக ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டிப் போனோம். உடன் போன ஆசிரியர்கள் இரண்டு பேர்: நானும், வேறு துறையிலிருந்து வந்த ஆண் ஆசிரியர் ஒருவரும். விடுமுறைக் காலத்தில் அங்குள்ள கல்லூரிகள் தங்கள் மாணவர் அறைகளை இப்படிப்பட்ட குழுக்களுக்கு வாடகைக்கு விடும். நாங்கள் தங்கியது அப்படி ஒரு பழைய கட்டடத்தில். நம்மூர் விடுதிபோல நீளமான வராந்தாவும் வரிசையாக அறைகளும் அங்கே கிடையாது. தனித்தனிப் படிக்கட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், மாடிக்கு இரண்டு மூன்று அறைகள். லிஃப்ட் இல்லை. இந்த ஆய்வில் வரும் மாணவியின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது.

மாணவிக்கு வயது 19, ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. அப்பா தென் மாவட்டம் ஒன்றில் சிறு வியாபாரி. கட்டணத்தில் பாதியைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது; மீதிக்கு வீட்டில் நகையை அடகு வைத்தார்கள். இதை எழுதக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

எல்லோருக்கும் விசிட்டர் விசா. ஆறு மாதத்துக்குள் திரும்புகிறவர்கள் பிரிட்டனின் மருத்துவக் கூடுதல் கட்டணத்தைக் கட்டுவதில்லை. அதனால் அங்கே உள்நோயாளியாகச் சேர்ந்தால், என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவ சேவை தன் வழக்கமான விலையில் 150 விழுக்காட்டை வசூலிக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு மட்டும் யாருக்கும் கட்டணம் இல்லை. வார்டில் சேர்த்த பிறகுதான் மீட்டர் ஓடும். எங்கள் குழுவுக்கு 50,000 டாலர் வரம்பில் பயணக் காப்பீடு இருந்தது. பாலிசியை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தோம். அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

புறப்படுவதற்கு முன் நடந்த அறிமுகக் கூட்டத்தில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். “அங்க ஆஸ்பத்திரியில படுத்தா லட்சக்கணக்குல பில் வரும், உடம்பைப் பார்த்துக்குங்க.” மழைக்கோட்டு எடுத்து வராதவர்களைப் பார்த்து, பாதி விளையாட்டாகச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி வார நிரல் இது: வியாழன் மதியம் 12 மணிக்குள் கட்டுரை, பிற்பகலில் ஜி.யு. போப் கல்லறை, வெள்ளியன்று மாணவர் உரைகளும் விடைபெறும் விருந்தும், சனி காலை 7 மணிக்கு ஹீத்ரோவுக்குப் பேருந்து.

புதன் இரவு முதல் வியாழன் மாலை வரை

முதல் இரண்டு வாரமும் இரவுச் சாப்பாட்டில் தலை எண்ணினோம். மூன்றாம் வாரம் விட்டுவிட்டோம். பிள்ளைகள் ஊரைப் பழகிவிட்டார்கள், இன்னும் நாலு நாள்தானே என்ற நினைப்பு. அதனால் புதன் இரவு மாணவி சாப்பிட வராதது எனக்குத் தெரியாது. தொப்புளைச் சுற்றி ஒரு மாதிரி வலிக்கிறது என்று எதிர் அறைத் தோழியிடம் சொல்லியிருக்கிறார். தோழி ஒரு வாழைப்பழம் கொண்டு போய்க் கொடுத்தார். அதை அவர் தொடவில்லை. மாதவிலக்கு நெருங்கும் நாள் என்பதால் அந்த வலிதான் என்று இருவருமே முடிவு செய்துகொண்டார்கள். வீட்டிலிருந்து கொண்டு வந்த வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு இரவு இரண்டு மணி வரை கட்டுரை எழுதியிருக்கிறார்.

வியாழன் காலை உணவுக்கு வந்தார், நான் பார்த்தேன். கறுப்புத் தேநீர் மட்டும் குடித்தார். மூன்று வாரமாக ரொட்டியும் வேகவைத்த பீன்ஸும் தின்று எல்லோருக்கும் நாக்கு செத்துப்போயிருந்தது. தட்டு காலியாக இருப்பதில் எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. கட்டுரையை 11.40க்கு அனுப்பிவிட்டார். போப்பின் 1886ஆம் ஆண்டுத் திருக்குறள் மொழிபெயர்ப்பு பற்றிய கட்டுரை அது. அதனால்தான் பிற்பகல் நடையை விடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்திருக்கிறார். தோழி அறையிலேயே இருக்கச் சொன்னபோது அவர் சொன்ன பதில்: “இன்னும் ரெண்டு நாள்தான்டி. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.”

போப் அடக்கமாகியிருக்கும் புனித செபல்கர் கல்லறைத் தோட்டம் வால்டன் தெருவில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து இருபது நிமிட நடை. கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து மாதிரி வழி உள்ளே போகிறது. தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று கல்லில் எழுதியிருக்கும் என்று எல்லோரும் தேடினார்கள். மேடைகளில் அவ்வளவு முறை கேட்ட வாசகம். கல்லில் அது இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த வாசகம் அங்கே இருக்காது என்று முன்பே எங்களிடம் சொன்னவர் இந்த மாணவிதான். வேறு நாளாக இருந்தால் அங்கே நின்று ஒரு பத்து நிமிடம் பேசியிருப்பார். அன்று பேசவில்லை. ஊரைவிட்டுப் போகிற வருத்தம் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அங்கே எடுத்த குழுப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. இடது ஓரத்தில் நிற்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால், வலது கை மேல்சட்டைப் பைக்குள் இருக்கிறது. பைக்குள்ளிருந்தபடியே அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருக்கிறது. வலது காலில் பாரம் போடாமல் இடுப்பை லேசாக மடக்கி நிற்கிறார். மற்ற 21 பேரும் நேராக நிற்கிறார்கள். படத்தை எடுத்தவள் நான்.

திரும்பும் வழியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நடைமேடையிலிருந்து சாலையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அரை நொடி நின்று, பார்த்துப் பார்த்து இறங்கினார். புதுச் செருப்பு கடிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் மேடம் என்றார்.

வியாழன் இரவு

ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் டாம் மணி தினமும் இரவு 9.05க்கு 101 முறை அடிக்கும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் ஆக்ஸ்ஃபோர்டின் பழைய நேரம் ஐந்து நிமிடம் பிந்தியது. மணி இன்னும் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. எங்கள் அறைகளுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். மணி அடிக்க ஆரம்பித்தபோதுதான் தோழி என் கதவைத் தட்டினார். “மேடம், அவ உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. ஆனா மாடியேற முடியாம படியிலயே உட்கார்ந்திருக்கா.”

இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றி சுட்டது. நான் கேட்டது மூன்றே கேள்வி. வலி முதலில் எங்கே தொடங்கியது? தொப்புள் பக்கம். இப்போது எங்கே? வலது பக்கம், கீழே. இருமினால்? இருமிப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் தம்பிக்குக் குடல்வால் வீங்கியபோது வீட்டில் பார்த்த அனுபவம்தான். நடுவயிற்றில் தொடங்கிச் சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, பசியின்மை, லேசான காய்ச்சல், அசைந்தாலோ இருமினாலோ கூடும் வலி. அன்று மாலை அவர் நடைமேடையிலிருந்து இறங்கிய விதம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உடன் வந்த ஆசிரியரைக் கூப்பிட்டேன். வாயுவாக இருக்கும், காலையில் பார்க்கலாம் என்பது அவர் கருத்து. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் நாள் முழுவதும் நடந்து களைத்திருந்தார், இரண்டு நாளில் எல்லோரும் ஊரில் இருப்போம் என்பதும் உண்மை. ஆனால் காய்ச்சல் இருந்ததால் காலை வரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆம்புலன்ஸுக்கான 999ஐ அழைக்கவில்லை. நினைவோடு இருந்தார், பேசினார், மூச்சில் சிரமமில்லை. அந்த நிலைக்கு உரிய எண் 111. எந்நேரமும் எடுப்பார்கள், அழைக்கக் காசு கிடையாது.

எடுத்ததும் அவர்கள் கேட்டது அஞ்சல் குறியீடு. அது எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் ஒரே முகவரியில் இருந்துவிட்டு, ‘கிறைஸ்ட் சர்ச் பக்கத்துல’ என்று சொல்லிக்கொண்டு நின்றேன். நுழைவாயில் காவலர் அறைக்கு ஓடிய தோழி, அங்கிருந்த இரவுக் காவலரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்தார். மறுமுனையில் வரிசையாகக் கேள்விகள். பிறகு செவிலியர் ஒருவர் திரும்ப அழைத்தார். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள், காரில் போனால் போதும் என்றார். காவலர் டாக்ஸி வரவழைத்தார்.

கிளம்பும்போது மாணவி கேட்டது ஒன்றுதான்: “எவ்வளவு ஆகும் மேடம்?”

அறிமுகக் கூட்டத்தில் நான் சொன்னதைத்தான் அவர் திருப்பிக் கேட்கிறார் என்பது எனக்கு உறைத்தது. வலி தொடங்கி ஒரு நாள் முழுதாகக் கடந்திருந்தது. அந்த ஒரு நாளும் அவர் மனதில் நகைக்கடன்தான் ஓடியிருக்கிறது.

மருத்துவமனையில்

காத்திருப்பு நீண்டது. இரத்தம், சிறுநீர் எடுத்தார்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்பார்கள், பரிசோதனையும் செய்வார்கள், இந்த வயதுப் பெண்கள் எல்லோரிடமும் கேட்பதுதான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நல்லவேளை சொன்னேன். அந்தக் கேள்வி வந்தபோது செவிலியர் என்னைப் பணிவாக வெளியே இருக்கச் சொன்னார். 18 வயது முடிந்தவர் என்பதால் எல்லாம் அவரிடம்தான். அவர் சம்மதித்தால்தான் என்னிடம் பேசுவார்கள். கையொப்பமும் அவருடையதுதான். நம்மூரில் அப்பா கையெழுத்துப் போட்டுப் பழகிய வீட்டுக்கு இதை விளக்குவது தனி வேலையாக இருந்தது.

வீட்டுக்கு எப்போது சொல்வது என்பதில் எனக்கும் சக ஆசிரியருக்கும் ஒத்துப்போகவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்றார் அவர். இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே விடிகாலை 2.30. என்ன என்று தெரியாமல் எழுப்பிப் பயமுறுத்த வேண்டாம் என்று நான் நினைத்தேன். அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து பார்த்து, குடல்வாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொன்ன பிறகு, 12.40க்கு அழைத்தோம், அங்கே காலை 5.10. முதலில் மாணவியே அம்மாவிடம் பேசினார். அது முக்கியம் என்று இப்போதும் நினைக்கிறேன். பிள்ளையின் குரலைக் கேட்டபின் மற்றதைக் கேட்கும் தெம்பு வருகிறது.

அம்மா சொன்னது எதிர்பார்த்ததுதான். “ஃப்ளைட்ல ஏத்தி விட்டுடுங்க மேடம், இங்க மதுரையில காட்டிக்கிறோம்.” இங்கேயும் அதே வாக்கியம், வேறு வாயில். எங்கள் பயணம் வளைகுடாவில் விமானம் மாறிப் போவது. நடுவானில் குடல்வால் வெடித்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவும், அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லி எடுபடவில்லை. உறவில் மருத்துவர் ஒருவர் இருந்தார். அவரைப் பிடித்து மருத்துவமனை டாக்டருடன் பேச வைத்தோம். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அப்பா கேட்ட கேள்வி நியாயமானது: ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரியாகாதா? சிலருக்கு ஆகும் என்றார் மருத்துவர். ஆனால் காலையில் எடுத்த ஸ்கேனில் குடல்வாலின் வாயில் ஒரு சிறு கல் அடைத்திருந்தது தெரிந்தது. அப்படி இருந்தால் மருந்து கைகொடுக்காமல் போக வாய்ப்பு அதிகமாம். வெள்ளி மதியம் லேப்ராஸ்கோபி முறையில், மூன்று சிறு துளைகள் வழியாக எடுத்துவிட்டார்கள். வெடிக்கவில்லை, சீழ் வைத்திருந்தது.

மாலையில் வலது தோள் வலிக்கிறது என்று அழுதார். வயிற்றில் கை வைத்தவர்கள் தோளில் என்ன செய்தார்கள் என்று எனக்கும் பயம். அறுவையின்போது வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையைச் சீண்டினால் வலி தோளில் தெரியும், ஓரிரு நாளில் போகும் என்றார் செவிலியர். ஞாயிறன்று போய்விட்டது.

சனிக்கிழமை: யார் போவது, யார் இருப்பது

21 பேர் விமானம் ஏறியாக வேண்டும். குழு டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது. சக ஆசிரியர் அவர்களோடு போனார், நான் தங்கினேன். தோழி தானும் இருப்பதாக மன்றாடினார். மறுத்துவிட்டேன். அவருடைய காப்பீடும் டிக்கெட்டும் அன்றோடு முடிகின்றன; இன்னொரு சிக்கலைச் சேர்க்க முடியாது. அவர் அழுதுகொண்டுதான் பேருந்தில் ஏறினார். சரியான முடிவுதான், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

காப்பீட்டில்தான் பெரிய ஓட்டை. பாலிசி சனி நள்ளிரவோடு முடிகிறது. விமான நாளுக்குச் சரியாகப் பொருத்தி வாங்கியது நாங்கள்தான், தலைக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க. காலக்கெடு முடிவதற்குள் தகவல் சொன்னதால் இந்த நோய்க்கான சிகிச்சையைத் தொடர்ந்து ஏற்பதாகக் காப்பீட்டு நிறுவனம் எழுதிக் கொடுத்தது. புதிதாக வேறு ஏதாவது வந்தால் பொறுப்பில்லை. சனி காலை அந்தக் கடிதம் வரும்வரை நான் மருத்துவமனை நடைபாதையில் கைபேசியோடுதான் நின்றேன்.

அறையையும் அன்று 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். அடுத்து ஒரு மாநாட்டுக் குழு வருகிறது. கல்லூரி நிர்வாகி வேறொரு படிக்கட்டில் தரைத்தளத்தில் இரண்டு நாளைக்கு அறை கொடுத்தார். மாணவியின் பெட்டியை மற்றப் பெண்கள் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டியின் மேலேயே அவர் உரைக்காக எழுதிய அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

அடுத்த ஆறு நாள்

ஞாயிறு காலை மருத்துவமனையிலிருந்து விடுவித்தார்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்த தூரத்து உறவினர் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். நல்ல மனிதர்கள், சாப்பாடும் நம் சாப்பாடு. இருந்தும் வேண்டாம் என்றேன். காய்ச்சல் திரும்பினாலோ தையலில் நீர் வடிந்தாலோ, அறுவை செய்த அதே மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டிலேயே கவ்லி சாலைப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் திங்கள் முதல் இடம் கொடுத்தது. ரசம் சாதத்தைப் பார்த்தபிறகுதான் அவருக்குப் பசியே திரும்பியது.

மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் அலுவலர் வந்து பாஸ்போர்ட், பாலிசி விவரம் வாங்கிப் போனார். அவரிடம் தெரிந்துகொண்டது இரண்டு. உயிருக்கு ஆபத்தான அவசர சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்தி வைக்க மாட்டார்கள். அதே சமயம் 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பாக்கி நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும், அடுத்த விசாவை மறுக்கலாம். முதுகலைக்கு மறுபடி அங்கே போக நினைக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பில் இந்திய மதிப்பில் பல லட்சம். காப்பீட்டு வரம்புக்குள் அடங்கியது, நிறுவனம் கட்டியது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது வெகுநேரம் அவர் பேசவில்லை. அப்புறம், “அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம் அவ” என்றார்.

வெள்ளியன்று தவறிய உரையைப் புதன்கிழமை அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் தன் அறையிலேயே கேட்டார். மாணவி உட்கார்ந்தபடி பேசினார், அதே ரப்பர் பேண்ட் அட்டைகள். சான்றிதழ் கிடைத்தது.

லேப்ராஸ்கோபி முடிந்து ஓரிரு நாளிலேயே பறக்கலாம் என்று பொதுவான வழிகாட்டுதல் இருக்கிறது. சீழ் இருந்ததால் மருத்துவர் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். பயணத்துக்குத் தகுதி என்று கடிதம் வாங்கி, விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்பி, அடுத்த வெள்ளியன்று சென்னைக்கு நேர் விமானத்தில் வந்தோம். ஹீத்ரோவில் சக்கர நாற்காலி வேண்டாம் என்று அடம்பிடித்தவர், பாதுகாப்புச் சோதனை வரிசையைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

மாற்றியவை

அறிமுகக் கூட்டத்தில் அந்த வாக்கியத்தை இப்போது சொல்வதில்லை. “உடம்பு சரியில்லைன்னா அன்னைக்கே சொல்லுங்க. 111ஐக் கூப்பிடக் காசு இல்ல, எமர்ஜென்சியில பார்க்கக் காசு இல்ல. அதுக்கு மேல ஆச்சுன்னா காப்பீடு இருக்கு, அது எங்க தலைவலி” என்கிறோம். பாலிசியைக் கூட்டத்திலேயே திறக்க வைத்து, எண்ணைக் கையால் எழுதச் சொல்கிறோம். அடையாள அட்டையின் பின்பக்கம் விடுதியின் அஞ்சல் குறியீடு அச்சாகிறது.

காப்பீட்டைத் திரும்பும் நாளுக்கு மேல் பத்து நாள் சேர்த்து வாங்குகிறோம். தலை எண்ணுவதைக் கடைசி இரவு வரை விடுவதில்லை. மூன்றாம் வாரம்தான் பிள்ளைகள் தூக்கத்தை விடுகிறார்கள், சாப்பாட்டை விடுகிறார்கள், மாத்திரை போட்டு வலியை மறைக்கிறார்கள். நாங்களும் அப்போதுதான் பெட்டி கட்ட ஆரம்பிக்கிறோம். வீட்டுக்கு எப்போது சொல்வது என்பதில் மட்டும் இன்னும் பொது விதி வைக்கவில்லை. சக ஆசிரியர் தன் கருத்தில்தான் இருக்கிறார், நானும்தான்.

மாணவர் ஒருவருக்காக ஆசிரியர் தங்க நேர்ந்தால் ஆகும் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் காப்பீட்டில் அது இல்லை. என் புதிய டிக்கெட்டுக்கான கோப்பு இன்னும் கணக்குப் பிரிவில் இருக்கிறது.